பயம் மருந்தின் மேல், கோளாறு ஐஸ் பெட்டியில்: ராமநாதபுரம் கரையோரத்துப் புதன்கிழமை ஊசி

வடகடல் பக்கம் தொண்டி, திருப்பாலைக்குடி, தேவிபட்டினம் என்றாலும் சரி, தென்கடல் பக்கம் கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் என்றாலும் சரி, கைக்குழந்தைக்கு ஊசி என்றால் அது புதன்கிழமைதான். துணை சுகாதார நிலையத்திலோ பால்வாடியிலோ நர்சம்மா பெட்டியோடு வந்து உட்காருவார். காசு கிடையாது, டோக்கன் கிடையாது, தாய் சேய் அட்டையும் கர்ப்பப் பதிவு எண்ணான பிக்மி நம்பரும் இருந்தால் போதும். ஓட்டலுக்கும் செல்போன் கடைக்கும் பக்கம் பக்கமாக மதிப்பீடு எழுதும் நாம், வருஷத்துக்கு நாலைந்து தடவை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிற இந்தச் சேவையைப் பற்றி வாட்ஸ்அப் ஆடியோ மட்டும்தான் கேட்கிறோம்.

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடலாம். ஊசி போடும் கை நல்ல கை. இடம், அளவு, சிரிஞ்சு மூன்றிலும் குறை சொல்ல அதிகம் இல்லை. மருந்தைக் குளிர்ச்சியில் காக்கும் ஏற்பாடு பெரும்பாலும் தேறும், ஆனால் சறுக்கினால் அங்கேதான் சறுக்கும். கேள்விக்குப் பதில் சொல்லும் பகுதி தேறாது. கொரோனா ஊசி முதலான புதுவகைத் தடுப்பூசி பற்றிய அச்சம் 2021-லிருந்து இன்றுவரை கரையோரத்தில் கரையாமல் கிடப்பதற்குப் பாதிக் காரணம் அந்த மூன்றாவது பகுதிதான்.

பெட்டியிலிருந்து தொடங்குவோம்.

ஐஸ் என்றால் நல்லது என்று நினைக்கும் ஊர் நம்முடையது. மீனுக்கு எவ்வளவு ஐஸ் தட்டினாலும் தகும். தடுப்பூசிக்கு அந்தக் கணக்கு செல்லாது. ஐந்து நோய்க்கு ஒரே ஊசியான பென்டா, நிமோனியா ஊசியான பி.சி.வி., ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ்–டிப்தீரியாவுக்கான டி.டி. என்று அலுமினிய உப்பு சேர்த்த மருந்துகள் எல்லாம் 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் நடுவில்தான் இருக்க வேண்டும். உறைந்துவிட்டால் அந்த உப்பின் கூழ் போன்ற கட்டமைப்பு உடைந்து திரிதிரியாகிவிடும். மறுபடி உருகினாலும் ஒட்டாது. அந்த மருந்தைப் போட்டால் ஊசி போட்ட இடம் கட்டிக்கொள்ளும், பாதுகாப்பு குறையும். தட்டம்மை, காசநோய்க்கான பி.சி.ஜி., போலியோ சொட்டு ஆகியவற்றை உறைதல் ஒன்றும் செய்யாது. அவற்றுக்குச் சூடுதான் எமன். ஒரே பெட்டியில் குளிருக்குப் பயந்த மருந்தும் சூட்டுக்குப் பயந்த மருந்தும் சேர்ந்து பயணம் செய்கின்றன. அந்தப் பெட்டியைச் சரியாக அடுக்குவது ஒரு தொழில்.

அடுக்கும் முறை இது. ஆரம்ப சுகாதார நிலையத்தின் டீப் ஃப்ரீசரிலிருந்து நாலு ஐஸ் பேக்குகளை எடுத்து மேசையில் இடைவெளி விட்டுப் பரப்பி வைக்க வேண்டும். எடுத்தவுடன் அது கல் மாதிரி இருக்கும், மேலே வெள்ளையாகப் பனி பூத்திருக்கும். அப்படியே பெட்டிக்குள் சொருகினால் முடிந்தது கதை. அதை ஒட்டி நிற்கும் பென்டா சீசா போகிற வழியிலேயே உறையும். பனி வியர்வையாக மாறி, பேக்கைக் காதோரம் வைத்து ஆட்டினால் உள்ளே தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்க வேண்டும். அந்தச் சத்தம்தான் அடையாளம். அதன் பிறகு துடைத்துவிட்டு நாலு சுவருக்கும் நாலு வைத்து, நடுவில் ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் மருந்தையும், தட்டம்மைக்கும் பி.சி.ஜி.க்கும் உரிய கரைக்கும் திரவத்தையும் வைத்து மூட வேண்டும். பை எதற்கென்றால், ஐஸ் உருகிய தண்ணீரில் லேபிள் ஊறிக் கழன்றுவிடும். லேபிள் இல்லாத சீசாவைத் தூக்கித்தான் போட வேண்டும்.

காலையில் அவசரம் என்றால் முதலில் பலியாவது இந்தக் காத்திருப்புதான். பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், ஆட்டோ வந்துவிட்டது, நாலு ஊருக்கு ஒரே ஆள் பெட்டி கொண்டுபோகிறார். வெயில் ஊர் என்பதால் ஐஸ் சீக்கிரம் இளகுகிறது என்பது ஓர் ஆறுதல். சூட்டைப் பற்றி மேலதிகாரி முதல் அம்மாக்கள் வரை எல்லோருக்கும் கவலை உண்டு. உறைதலைப் பற்றிக் கேட்கும் ஆளே இல்லை.

சூட்டைக் கண்டுபிடிக்கச் சீசாவிலேயே ஒரு வில்லை இருக்கிறது: வட்டத்துக்குள் ஒரு சதுரம். உள் சதுரம் சுற்றியுள்ள வட்டத்தைவிட வெளிறி இருந்தால் மருந்து ஆகும். இரண்டும் ஒரே நிறமாகிவிட்டாலோ சதுரம் கருத்துவிட்டாலோ ஆகாது. இதைக் காட்டச் சொல்லிக் கேட்பது தப்பே இல்லை. நல்ல நர்சம்மா தானாகவே திருப்பிக் காட்டுவார். தட்டம்மைக்கும் பி.சி.ஜி.க்கும் இந்த வில்லை மூடியிலோ கழுத்திலோ இருப்பதால், உடைப்பதற்கு முன்னாலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். ஒன்றை மறக்கக் கூடாது: இந்த வில்லை சூட்டை மட்டும்தான் காட்டும். உறைந்து உருகிய சீசாவிலும் அது வெள்ளை வெளேரென்று இருக்கும். அதற்குக் குலுக்கிப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. அதே பேட்சில் ஒரு சீசாவை வேண்டுமென்றே உறைய வைத்து உருக்கி, சந்தேகப்பட்ட சீசாவோடு சேர்த்துக் குலுக்கி மேசையில் வைப்பார்கள். கெட்டது என்றால் அரை மணிக்குள் வண்டல் அடியில் தங்கி மேலே தெளிந்துவிடும். நல்லது பால்போலக் கலங்கியே நிற்கும். இந்தச் சோதனை ஆரம்ப சுகாதார நிலையத்தில் செய்ய வேண்டியது, முகாமில் அல்ல. ஆனால் சீசாவில் திரிதிரியாக மிதப்பது அம்மாவின் கண்ணுக்குப் பட்டால் வேறு சீசா கேட்கலாம்.

தட்டம்மை–ரூபெல்லா சீசாவுக்குத் தனியாக ஒரு பத்தி வேண்டும், ஏனென்றால் உயிர் போன சம்பவங்களில் பல இந்த வகை மருந்தைச் சுற்றியே நடந்திருக்கின்றன. இது பொடி. அதே கம்பெனி தரும் திரவத்தில்தான் கரைக்க வேண்டும். திரவமும் குளிர்ந்திருக்க வேண்டும். கரைத்த நேரத்தை லேபிளில் எழுத வேண்டும். 4 மணி நேரம், அதற்கு மேல் ஒரு நிமிஷமும் கிடையாது, மிச்சம் இருந்தால் கொட்ட வேண்டும். இதில் கிருமியைத் தடுக்கும் பொருள் எதுவும் கலக்கப்படவில்லை. ஸ்டெஃபைலோகாக்கஸ் புகுந்தால் வெயிலில் பல்கி நஞ்சாகும், போட்ட சில மணி நேரத்தில் காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு என்று குழந்தை சரிந்துவிடும். 2014 செப்டம்பரில் சிரியாவின் இட்லிபில் கரைக்கும் திரவம் என்று நினைத்துத் தசையைத் தளர்த்தும் மயக்க மருந்தை ஊற்றிவிட்டார்கள். 15 குழந்தைகள் இறந்தன. தடுப்பூசியில் குற்றமே இல்லை, ஊற்றிய கையில் குற்றம். நம் மாநிலத்திலும் 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட 4 குழந்தைகள் இறந்த பிறகு, கிராமத்தில் போடுவதையே நிறுத்தி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஊர் ஊசி மீண்டும் வரக் காலம் பிடித்தது. ஆகவே 9 மாதக் குழந்தையைக் கொண்டுபோகும் வீட்டார் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: "இதை எத்தனை மணிக்குக் கரைச்சீங்க?"

பென்டா சீசாவில் "போன வாரம் திறந்தது" என்று தேதி எழுதியிருந்தால் பதற வேண்டாம். பென்டா, பி.சி.வி., போலியோ ஊசி, டி.டி. போன்றவற்றைத் திறந்த பிறகு 28 நாள்வரை பயன்படுத்தலாம் என்பது விதி. குளிர் கெடாமல், வில்லை மாறாமல், ரப்பர் மூடி தண்ணீரில் மூழ்காமல் இருந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். தட்டம்மைக்கும் பி.சி.ஜி.க்கும் இந்தச் சலுகை கிடையாது.

இதிலிருந்து முளைக்கும் ஒரு மனக்குறை நியாயமானது. "ஒரு குழந்தைக்காக சீசாவை உடைச்சா வீணாப் போகும், அடுத்த வாரம் வாங்க" என்று திருப்பி அனுப்புவது சில இடங்களில் இன்னும் நடக்கிறது. ஒரே குழந்தை வந்தாலும் உடைக்க வேண்டும் என்பதுதான் விதி. திரும்பிப் போன அம்மா அடுத்த வாரம் வருவார் என்பதற்கு என்ன உத்தரவாதம்? அடுத்த அமாவாசைக்கு அவர் பாசி எடுக்கத் தீவுப் பக்கம் போயிருப்பார்.

ஊசி போடும் வேலை நேர்த்தி. பென்டா இடது தொடையின் வெளிப்பக்கம், பி.சி.வி. வலது தொடை, முதல் இரண்டு போலியோ ஊசி வலது மேல்கையில் தோலுக்குள் 0.1 மில்லி, தட்டம்மை வலது மேல்கை. எந்த இடம் எந்த மருந்து என்று நிலையாக வைத்திருப்பதால், பிறகு ஓர் இடம் வீங்கினால் எதனால் என்று சொல்ல முடிகிறது. ஒருமுறை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் சிரிஞ்சு என்பதால் ஒரே ஊசியை இன்னொருவருக்குப் போடும் பேச்சுக்கே இடமில்லை. போட்டதும் வெட்டும் கருவியில் ஊசி முனையை வெட்டுகிறார்களா என்று மட்டும் பாருங்கள். போட்ட இடத்தைத் தேய்க்க வேண்டாம், எண்ணெய் தடவ வேண்டாம். பி.சி.ஜி. போட்ட இடம் சில வாரத்தில் புண்ணாகிச் சீழ் வைத்து வடுவாவது இயல்பு; அதில் மஞ்சள் பூசி வைப்பதுதான் தொல்லையை இழுக்கிறது.

இனி பயத்துக்கு வருவோம்.

கொரோனா ஊசி பற்றி முகாம் வாசலில் கேட்கும் கேள்விகள் மூன்றே மூன்று: இது அவசரத்தில் செய்ததா, மரபணுவை மாற்றுமா, மாரடைப்பு வருமா. கிடைக்கும் பதில் ஒன்றே ஒன்று: "அதெல்லாம் வதந்தி, நம்பாதீங்க." இந்தப் பதில் மூன்று கேள்விக்கும் தப்பு, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விதத்தில்.

கரையோர அரசு முகாம்களில் கொரோனாவுக்குப் போட்டவை கோவிஷீல்டும் கோவாக்சினும். 2022 மார்ச் 16 முதல் 12–14 வயதுப் பிள்ளைகளுக்கு கோர்பிவேக்ஸ். அமெரிக்காவில் போட்ட, புரதம் செய்யும் குறிப்பை மட்டும் தரும் எம்.ஆர்.என்.ஏ. ஊசியான ஃபைசரும் மாடர்னாவும் இந்திய முகாம்களுக்கு வரவே இல்லை. ஆனால் போனில் சுற்றுவதில் பெரும்பகுதி அந்த எம்.ஆர்.என்.ஏ.வைப் பற்றியது. தங்கச்சிமடத்தில் கோவாக்சின் போட்டவர் ஃபுளோரிடாவின் வீடியோவைப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறார். "உங்களுக்குப் போட்டது அது இல்லை" என்று சொல்லவே யாரும் இல்லை.

கோவாக்சின் தொழில்நுட்பத்தில் புதுமை குறைவு. வைரஸை வளர்த்து, கொன்று, அப்படியே தருவது. போலியோ ஊசியும் வெறிநாய்க்கடி ஊசியும் இதே வழிதான். அதில் வந்த நியாயமான முறைப்பாடு வேறு. 2021 ஜனவரி 3-ஆம் தேதி அனுமதி கிடைத்தபோது, மூன்றாம் கட்டச் சோதனையின் செயல்திறன் முடிவு கையில் இல்லை. பிறகு வந்த முடிவு 77.8 சதவீதம் என்று சொன்னது, சரி. ஆனால் "அவசரத்தில் செய்தார்களா" என்று கேட்பவரிடம், அனுமதி அவசரத்தில் கொடுக்கப்பட்டது உண்மை என்று ஒப்புக்கொண்டுதான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

கோவிஷீல்டு வேறு வகை. சிம்பன்சிக்குச் சளி உண்டாக்கும் அடினோ வைரஸ் ஒன்றை, பெருக முடியாதபடி ஒடித்து, கொரோனாவின் முள்புரதத்துக்கான குறிப்பை அதில் ஏற்றி அனுப்புவது. இங்கே ஒரு நுட்பம். "அது செல்லின் உட்கருவுக்குள் போகவே போகாது" என்று விளக்கக் கூட்டங்களில் சொல்கிறார்களே, அந்த வாசகம் எம்.ஆர்.என்.ஏ. ஊசிக்குத்தான் பொருந்தும். கோவிஷீல்டின் டி.என்.ஏ. உட்கருவுக்குள் போகும், போனால்தான் வேலை நடக்கும். நம் மரபணுவோடு தன்னைக் கோத்துக்கொள்ளும் கருவி அதனிடம் இல்லை, தனியாக நின்று கொஞ்ச நாளில் அந்தச் செல்லோடு மறையும் என்பதே சரியான பதில். தப்பான பதிலைத் துணிவாகச் சொன்னால், பிளஸ் டூ உயிரியல் படித்த மகள் பாடப் புத்தகத்தை எடுத்துக் காட்டிவிடுகிறாள். அதற்குப் பிறகு நர்சம்மா சொல்லும் சரியான விஷயமும் எடுபடாது.

ரத்தம் உறையும் பிரச்சினை வதந்தி அல்ல. தட்டணுக்கள் குறைந்து அதே நேரத்தில் ரத்தம் கட்டும் டி.டி.எஸ். என்ற கோளாறு கோவிஷீல்டு வகை ஊசியால் அபூர்வமாக வருகிறது. பிரிட்டனின் கணக்கில் 50 வயதுக்குக் கீழே முதல் டோஸ் போட்டவர்களில் சுமார் 50,000 பேருக்கு ஒருவர். அதனால்தான் 2021 மே மாதமே அங்கே 40 வயதுக்குக் கீழானவர்களுக்கு வேறு ஊசி என்று மாற்றினார்கள். இந்தியக் குழு 2021 மே 17-இல் சொன்ன கணக்கு 10 லட்சம் டோசுக்கு 0.61. இங்கே எண்ணப்பட்டவை அறிவிக்கப்பட்டவை மட்டும் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஊசி போட்டு நாலாம் நாளிலிருந்து ஒரு மாதம் வரை, விடாத தலைவலி, மூச்சுத்திணறல், கால் வீக்கம், ஊசி போட்ட இடத்தைத் தாண்டிச் சிவப்புப் புள்ளிகள் என்று வந்தால் உடனே ரத்தத் தட்டணு பார்க்க வேண்டும். 2024-இல் அஸ்ட்ராஜெனகா கம்பெனி பிரிட்டன் நீதிமன்றத்தில் இதை எழுத்தில் ஒப்புக்கொண்ட செய்தி வந்தபோது, மூன்று வருஷம் முன்னால் போட்டவர்களெல்லாம் கலங்கினார்கள். வருவதாக இருந்தால் அந்த முதல் மாதத்திலேயே வந்திருக்கும். இந்த ஒரு வரியைப் பால்வாடிச் சுவரில் ஒட்டியிருந்தால் போதும்.

மாரடைப்புப் பயத்துக்கு நம் மாநிலத்தில் ஒரு முகம் உண்டு. நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15-இல் பொதுவெளியில் கோவாக்சின் போட்டுக்கொண்டார், 17-இல் இறந்தார். இதயத்தின் முக்கிய ரத்தக்குழாயில் முழு அடைப்பு இருந்தது என்று சிகிச்சை அளித்தவர்கள் சொன்னார்கள். தேசிய அளவிலான ஆய்வுக் குழு பின்னர் அதை ஊசியோடு தொடர்பில்லாத தற்செயல் என்று வகைப்படுத்தியது. செய்தி அரை மணியில் மூக்கையூர் வரை வந்துவிட்டது. ஆய்வு முடிவு மாதக்கணக்கில் கழித்து வந்து, ஊர் வரை வராமலே நின்றுவிட்டது. எம்.ஆர்.என்.ஏ. ஊசியில் இதயத் தசை அழற்சி வருவது உண்மை, அதுவும் இளம் ஆண்களுக்கு இரண்டாம் டோஸுக்குப் பிந்திய ஒரு வாரத்துக்குள் அதிகம். ரத்தக்குழாய் அடைப்பு வேறு, தசை அழற்சி வேறு. இரண்டையும் 'ஹார்ட் பிராப்ளம்' என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டோம்.

எம்.ஆர்.என்.ஏ. நாளைக்கு இங்கே வராது என்றில்லை. புனேயின் ஜென்னோவா தயாரித்த ஊசிக்கு 2022-இலேயே அவசர அனுமதி கிடைத்தது. அந்த ஊசி 2–8 டிகிரியில் தாங்கும். எம்.ஆர்.என்.ஏ.வின் அடிப்படை ஆராய்ச்சி கரிக்கோ, வைஸ்மேன் இருவரும் 2005-இல் வெளியிட்டது, 2023-இல் நோபல் வாங்கியது. 2020-இல் திடீரென முளைத்ததல்ல. கொழுப்புத் துளிக்குள் பொதிந்த குறிப்பு அது, புரதம் செய்யப்பட்டதும் சில நாளில் சிதைந்துவிடும். ஃபைசர், மாடர்னா ஊசிகளின் பூச்சில் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற வேதிப்பொருள் இருப்பதால், அந்தப் பொருளுக்குக் கடும் ஒவ்வாமை உள்ளவர் மட்டும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

பெண்பிள்ளைகளுக்கான கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி பற்றியும் இதே கலக்கம். சீரம் நிறுவனத்தின் செர்வாவாக்குக்கு 2022 ஜூலையில் அனுமதி வந்தது. வைரஸின் வெளி ஓட்டைப் போன்ற வெற்றுக் கூடு அது, உள்ளே மரபணு எதுவும் கிடையாது. மலடாகிவிடும் என்ற பேச்சுக்கு அதில் ஒரு பிடியும் இல்லை. ஆனால் அன்றைய ஆந்திராவின் கம்மத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் 2009–10-இல் நடந்த சோதனைத் திட்டம் நிறுத்தப்பட்டதை மறைக்க வேண்டியதில்லை. சிறுமிகளின் மரணத்துக்கு ஊசி காரணம் இல்லை என்று விசாரணை சொன்னது. பெற்றோரிடம் முறையாகச் சம்மதம் வாங்கவில்லை என்பதையும் அதே விசாரணைதான் கண்டது. பள்ளியில் காகிதத்தில் கையெழுத்து மட்டும் கேட்கும் பழக்கத்தைப் பார்த்தால் அந்தப் பாடம் முழுதாக ஏறியதாகத் தெரியவில்லை.

கீழக்கரை, தொண்டி, பெரியபட்டினம் பக்கம் கேட்கும் இன்னொரு கேள்வி ஜெலட்டின். சீரம் நிறுவனத்தின் தட்டம்மை–ரூபெல்லா மருந்தில் அது நிலைப்படுத்தியாக இருக்கிறது. இந்தோனேசிய உலமா சபை 2018-இல் இதே மருந்தைப் பற்றி, பன்றிவழிப் பொருள் இருப்பினும் அவசியம் கருதி அனுமதி என்று தீர்ப்புக் கொடுத்தது. ஜெலட்டினே இல்லை என்று மழுப்பும் நர்சம்மாவைவிட, இதைச் சொல்லிவிட்டு "உங்க ஆலிம்சாகிட்டயும் கேட்டுக்குங்க" என்பவரை அந்த வீடு அடுத்த தடவையும் தேடி வரும். 2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா இயக்கம் தொடங்கியபோது வாட்ஸ்அப் வதந்தியால் தமிழ்நாட்டில் பள்ளிகள் காலியாகி, நாளை நீட்டிக்க வேண்டியதாயிற்று. அன்று மழுப்பியதன் விலை அது.

போட்ட பிறகு 30 நிமிஷம் உட்கார வைப்பதை நிறைய இடங்களில் தட்டிக் கழிக்கிறார்கள். நிழல் இல்லை, பெஞ்சு இல்லை, பஸ்ஸுக்கு நேரமாச்சு. கடும் ஒவ்வாமை 10 லட்சம் டோசுக்கு ஒன்று என்ற அளவில்தான் வரும், ஆனால் வந்தால் பெரும்பாலும் அந்த அரை மணியில் வரும். இந்தியாவில் கொரோனா ஊசியால் நேர்ந்தது என்று அதிகாரபூர்வமாக உறுதிசெய்யப்பட்ட முதல் மரணம் இதுதான்: 2021 மார்ச் 8-இல் ஊசி போட்ட 68 வயதுக்காரர் ஒருவர், ஒவ்வாமை அதிர்ச்சியில். கிட்டில் அட்ரினலின் இருக்க வேண்டும், பெரியவருக்கு 0.5 மில்லி, நடுத்தொடையின் வெளிப்பக்கம் தசையில், குழந்தைக்கு வயதுக்கேற்பக் குறைவு. ஆம்பூலின் தேதி தாண்டியிருந்தாலோ மருந்து பழுப்பேறியிருந்தாலோ ஆகாது. பள்ளியில் 10, 16 வயதில் டி.டி. போடும்போது வரிசையாகப் பிள்ளைகள் விழுவது பெரும்பாலும் பயமும் பசியும்: வியர்த்து வெளிறும், நாடி மெதுவாகும், படுக்க வைத்துக் காலைத் தூக்கினால் தெளியும். ஒவ்வாமை என்றால் நாடி வேகமாகித் துவளும், தோலில் தடிப்பு, மூச்சில் விசில். காலையில் சாப்பிட வைத்து, உட்கார வைத்து, மற்ற பிள்ளைகள் கண்ணில் படாமல் போட்டாலே பாதி மயக்கம் நின்றுவிடும்.

வீட்டுக்குப் போன பிறகு நடக்கும் பெரிய தப்பு காய்ச்சல் மருந்தில். பென்டாவுக்குப் பாதிக் குழந்தைகள் வரை காய்ச்சல் வரும், இரண்டு நாளில் போகும். பாராசிட்டமால் கிலோவுக்கு 10–15 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை. நாலரைக் கிலோ குழந்தைக்கு 1 மில்லியில் 100 மில்லிகிராம் உள்ள சொட்டு மருந்து என்றால் 0.5 மில்லி, 5 மில்லியில் 125 உள்ள சிரப் என்றால் 2 மில்லி. கடையில் சொட்டு மருந்தை வாங்கிச் சிரப் மூடியில் 5 மில்லி அளந்து ஊற்றினால் ஒரே தடவையில் 500 மில்லிகிராம், ஈரல் தாங்காது. முகாமில் மாத்திரையோ மருந்தோ கொடுக்கும்போது அளவை அட்டையில் எழுதித் தருவதில்லை. எழுதித் தரச் சொல்லுங்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓயாத அழுகை, வலிப்பு, துவண்டு நிறம் மாறுதல் என்றால் 108. தட்டம்மை ஊசிக்கான காய்ச்சலும் தோல் தடிப்பும் 7-ஆம் நாளிலிருந்து 12-ஆம் நாளுக்குள் வருவதால், யாருக்கும் ஊசியின் ஞாபகமே இருக்காது.

தனியார் கிளினிக்கின் 'வலி இல்லாத ஊசி' பற்றி ஒரு வார்த்தை. கக்குவான் கிருமியை முழுசாக வைக்காமல் துண்டு புரதம் மட்டும் வைத்தது, அதனால் காய்ச்சல் குறைவு. பாதுகாப்பும் கொஞ்சம் சீக்கிரம் தேயும். காசு கொடுப்பதால் மருந்து உசத்தி என்பதில்லை. வீட்டு ஃபிரிட்ஜின் கதவில் தடுப்பூசி அடுக்கியிருந்தால், கரண்டு போன மதியம் என்ன ஆகும் என்று யோசித்துவிட்டு வெளியே வாருங்கள். தெர்மாமீட்டரும் காலை மாலை எழுதிய வெப்பப் பதிவும் இருக்கும் இடம் என்றால் தாராளமாகப் போடலாம்.

கிழமையைப் பற்றிய குறை கடைசியாக. ராமேஸ்வரம், மண்டபம் விசைப்படகுகள் கடலுக்குப் போவது திங்கள், புதன், சனி. ஊசி நாளும் புதன். சந்தேகம் கேட்க வேண்டிய அப்பா காலையிலேயே கடலில். "அவுக கரைக்கு வரட்டும், கேட்டுட்டு அடுத்த வாரம் வாரேன்" என்று அம்மா திரும்பிவிடுகிறார். அடுத்த புதனும் அவர் கடலில்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் மட்டும் ஆம்பிளைகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்க்கலாம். தவறிய டோஸை முடிக்க ஏற்ற காலமும் அதுதான். விட்டுப்போன டோஸுக்கு முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து போடலாம்.

கிளம்பும்போது போனில் சீசாவின் லேபிளை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்: பெயர், பேட்ச் நம்பர், காலாவதித் தேதி. அட்டையில் பேட்ச் நம்பரை எழுதிக் கொடுப்பது அரிது. பிறகு ஏதாவது ஆகி ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தால், 24 மணி நேரத்துக்குள் மருத்துவ அலுவலர் படிவம் நிரப்பி மாவட்டத்துக்கு அனுப்ப வேண்டும். அந்தப் படிவத்தில் பேட்ச் நம்பருக்கென்று ஒரு கட்டம் இருக்கிறது.